பால்சுறாவும் நைனாவின் கத்தியும்

ஆம்பூருக்கு ரயிலில் வருகிற வெளியூர்க்காரர்கள் ஸ்டேஷன் வருவதற்கு முன்பே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். தோல் பதனிடுகிற ஷாப்புகளின் வாடை அப்படி. எனக்கு அது வாடையாகவே பட்டதில்லை. காற்று என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவள் நான். படிக்கச் சென்னைக்குப் போன புதிதில், இந்த ஊர்க் காற்றில் ஏதோ குறைகிறதே என்று சில நாட்கள் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட நான் ஒரு கோடை விடுமுறையில், செத்த சுறா ஒன்றைத் தகரத்தில் அடைத்து ரயிலில் ஊருக்குக் கொண்டுவந்தேன்.

அரக்கோணம் தாண்டும்போதே பெண்கள் பெட்டியில் எல்லோரும் என்னைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். காட்பாடியில் ஏறிய ஓர் அம்மாள் தகரத்தைக் காலால் தட்டி, "இன்னாம்மா இது, கருவாடா?" என்றாள்.

"இல்லீங்க. படிப்புக்கு."

"படிப்புக்குக் கருவாடா?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாள் இடம் மாறி உட்கார்ந்தாள். ஆம்பூர் நெருங்கியதும் வழக்கம்போல் பெட்டி முழுவதும் முந்தானை மூக்குக்குப் போனது. அதற்குப் பிறகு எது யாருடைய வாடை என்று யாரும் கேட்கவில்லை. என் ஊர் என்னைக் காப்பாற்றிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. நைனா, அதாவது என் அப்பா, ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரி. சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலில் சவ்வு சீவுகிற ஆட்கள் எல்லாம் அவர் கைக்குக் கீழே. நாங்கள் கிறிஸ்தவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தேன் என்று சென்னையில் பெண்கள் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அங்கே நான் எடுத்துக்கொண்டது விலங்கியல். பாலாற்றில் தண்ணீர் வந்தால் வேடிக்கை பார்க்க ஓடுகிற ஊரில் பிறந்துவிட்டு, ஆசைப்பட்டது கடல் மீன்களின் மேல். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. பார்த்தேன், பிடித்துப்போயிற்று. அவ்வளவுதான்.

அந்த வருஷம் எங்கள் வகுப்பை டீச்சரம்மா, மண்டபம் என்கிற கடற்கரை ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு சின்னத் தீவுக்கு அழைத்துப் போனார். மீன் இலாகாவின் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருந்தது. எந்த மீன் எப்போது வருகிறது, எங்கே முட்டையிடுகிறது, எவ்வளவு பிடித்தால் அடுத்த வருஷத்துக்கும் மிஞ்சும் என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. அரசாங்கத்துக்கு அப்போது சுறாவின் மேல் ஒரு கண். ஈரலில் எண்ணெய் இருக்கிறது, தோலைப் பதப்படுத்தலாம், ஆகவே நிறையப் பிடிக்கச் சொல்லலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வகுப்புக்குப் பாடம் எடுத்த இலாகா அதிகாரி, எதையும் எடுத்த எடுப்பில் நம்பாத மனிதர். சிரித்து நான் பார்த்ததில்லை. சைக்கிளில் தீவைச் சுற்றிவருவார். மணலில் சைக்கிள் நின்றுவிட்டால் இறங்கி, அது என்னவோ மணலின் தப்பு என்பதுபோல அதை முறைப்பார்.

ஒரு நாள் காலையில் கரைவலையில் பால்சுறா விழுந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று புட்டு செய்து கொடுப்பார்களே, அதே சுறா. ஒன்றரை முழ நீளம். வயிறு புடைத்திருந்தது. வலை இழுத்தவர், "இது சினைம்மா. இந்த மாசத்துல குட்டி போட கரைப்பக்கம் வரும். அதான் ஈசியா மாட்டிக்கிடுது" என்றார். அவரிடமே அதை வாங்கிக்கொண்டேன்.

அன்று வகுப்பில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சாளை மீன் எண்ணிக்கையில்லாமல் முட்டை போடுகிறது. சுறா மாதக்கணக்காகச் சுமந்து நாலைந்து குட்டிதான் போடுகிறது. குட்டி போடக் கரைக்கு வருகிற தாயையே பிடித்துக்கொண்டிருந்தால் கொஞ்ச வருஷத்தில் பிடிக்கச் சுறாவே இருக்காதே என்று எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அதிகாரி என்னை மணலைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"அடுத்த சீசனுக்குச் சுறாவைப் பார்க்கவே இங்க ஒரு ஆளை எடுக்கப் போறேன். பையன்கள் கேட்டிருக்காங்க. நீங்களும் கேக்கறதா இருந்தா, விடுமுறை முடியறதுக்குள்ள சென்னை ஆபீசுக்கு இந்தச் சுறாவோட வாங்க. முழுசா இருக்கணும். என் கண் முன்னாடி நீங்களே அறுத்துக் காட்டணும். பேசறதுக்கு எல்லாருக்கும் வரும், அறுக்கறதுக்குத்தான் வராது" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சுறா கெடாமலிருக்க அதன் வயிற்றில் ஊசியால் பார்மலின் மருந்து ஏற்றினேன். கல்லூரி விடுமுறைக்கு மூடிவிடும், ஊருக்குத்தான் கொண்டுபோகவேண்டும். சுறா ஒரு தகரத்தில் அடங்கவில்லை. இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களை ஒன்றாகச் சேர்த்து, ஈயம் வைத்து ஒட்டி, பார்மலின் ஊற்றி, வாலை வளைத்து உள்ளே வைத்து அடைத்தேன். ஈயம் வைத்தது நான். அதுதான் அடுத்த கதை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா வாயில் கை வைத்தாள். நைனா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"கடல்ல இன்னா கண்ணு கீது? தண்ணி தான?"

"மீன் கீது நைனா."

"தனியாவா இருப்ப?"

"எங்க டீச்சரம்மாவும் இருப்பாங்க. ஒரு சீசன் தான்."

"பாக்கலாம்" என்றார்.

எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். குடியாத்தம் திருவிழாவுக்குப் போகலாமா என்று கேட்டபோதும் 'பாக்கலாம்'தான். இன்றுவரை போனதில்லை. எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் நுனியில்தான் இருக்கும்.

மறுநாள் பார்த்தால் தகரத்தின் ஒட்டில் கசிவு. தரையில் ஈரம். வீட்டில் இருக்கிறவர்கள் கண்ணெல்லாம் எரிகிறது என்றார்கள். வேலூரில் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் பார்மலின் வாங்கலாம் என்று எனக்குத் தெரியும். புறப்பட்டேன். போகும்போது நைனாவிடம், "தகரத்த பத்திரமா பாத்துக்க நைனா. அது கெட்டுச்சின்னா என் பொழப்பே போச்சி" என்று சொல்லிவிட்டுப் போனேன். நான் போன நேரம் மருந்துக்கடை சாத்தியிருந்தது. சித்தி வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வாசலிலேயே அம்மா என்னைப் பிடித்து நிறுத்தினாள். கையில் கூடையோடு கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"உங்க நைனா நேத்துலர்ந்து அழுவறாரு. இன்னான்னு கேட்டா சொல்ல மாட்றாரு. நீ போறத நெனச்சிதான்னு நெனக்கிறேன். போயி நல்லபடியா பேசு" என்று காதில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நைனா கிணற்றடியில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கு மனம் இளகிவிட்டது. சரி, சீசனும் வேண்டாம், சுறாவும் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

"வந்துட்டியா கண்ணு. கவலப்படாத. காப்பாத்திட்டேன்" என்றார்.

"எத நைனா?"

எழுந்து போய், ஒரு மண் தொட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே சுண்ணாம்புத் தண்ணீர். கையை விட்டு, ஒரு தோலைத் தூக்கி விரித்துக் காட்டினார். மூக்கு நுனியிலிருந்து வால் வரைக்கும், துடுப்புகள் இருந்த இடங்களில்கூடச் சிதையாமல், ஒரே துண்டாகச் சுறாவின் தோல்.

"ஒரு வெட்டு கூட இல்ல, பாரு" என்றார்.

முந்தின நாள் நான் புறப்பட்டுப் போனதுமே தகரம் பூராவும் ஒழுகியிருக்கிறது. கோடை வெயிலில் உடனே ஈ மொய்த்திருக்கிறது. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேனே, அவர் பார்த்துக்கொண்டார். பிராணி ஒன்று கெட்டுப்போகப் போகிறது என்றால் எங்கள் ஊரில் காப்பாற்ற ஒரே வழிதான் உண்டு. தோலை உரித்துச் சுண்ணாம்பில் போட்டுவிடவேண்டும். கண்ணில் வழிந்தது கண்ணீர் இல்லை, பார்மலின் நெடி. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு பாதி நாள் உரித்திருக்கிறார்.

"உள்ள இருந்ததெல்லாம் எங்க நைனா?"

"அத்த வாசல்ல இருந்த சவ்வுக் கூடைல போட்டேன். காலைல வண்டி வந்து எடுத்துனு பூட்டான்."

சீவிய சவ்வெல்லாம் வண்டியில் ஏறி, ஆற்றுப்பக்கம் வஜ்ரப் பசை காய்ச்சுகிற இடத்துக்குப் போகும். என் சுறாவின் குட்டிகள், என் ஆதாரம், என் சீசன் எல்லாம் பசைக் கொப்பரைக்குப் போய்விட்டன.

"நீ வேணும்னேதான் செஞ்ச. நான் போவக் கூடாதுன்னுதான செஞ்ச" என்றேன்.

நைனா தோலைத் திரும்பவும் தொட்டியில் விட்டு, மூடியைச் சரியாக வைத்து மூடினார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆற்றுப்பக்கம் நடக்க ஆரம்பித்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வர வேண்டாம் என்று திரும்பாமலே சொன்னேன். சத்தம் நிற்கவில்லை.

பசை காய்ச்சுகிற பாய்க்கு நைனாவைப் பார்த்ததும் ஆச்சரியம். மேஸ்திரிகள் அந்தப் பக்கம் வருகிற வழக்கமில்லை.

"இன்னா மேஸ்திரி, பொண்ணோட வந்துகீறீங்கோ?"

"காலைல வந்த சவ்வுல மீன் கொடலு இருந்திச்சா பாய்?"

"மீனா? நம்ம கிட்ட மீன் கீன் ஒண்ணும் வர்லியே. வந்திருந்தா காக்கா ஜாஸ்தி வந்திருக்குமே. இன்னும் கொப்பரைல போடல, வேணும்னா தேடிக்கோங்கோ" என்று குவியலைக் கிளறுகிற ஒரு வாரைக்கோலைக் கொடுத்தார்.

வாரைக்கோலை நான் வாங்கினேன். நைனா வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கை வரைக்கும் கையைக் குவியலுக்குள் விட்டார். அவர் கீழே வேலை பார்க்கிறவர்கள்கூட அந்தக் குவியலைத் தொடத் தயங்குவார்கள். இரண்டு பேரும் தேடினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. கொஞ்ச நேரம் கழித்து, குவியலைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

"நான் வேணும்னு செய்யல கண்ணு. அது கெட்டுச்சின்னா பொழப்பு போச்சின்னு நீதான சொன்ன. மருந்து பூரா ஒழுகிப்போச்சி. எனுக்குத் தெரிஞ்சத செஞ்சேன். தோலு கெடலன்னா மாடு கெடல. எங்களுக்கு அதான் படிப்பு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, உள்ளுக்குள் எங்கோ ஒரு சந்தோஷம். அவர் என்னைத் தடுக்க நினைக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வித்தையை எனக்காகச் செய்திருக்கிறார், அதுவும் கண் தெரியாத அளவுக்கு எரிந்தபோதும். சுறா கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. கிடைத்தால்தான் பரவாயில்லை.

கிடைக்கவில்லை. குவியலின் அடிமட்டம் வரைக்கும் கிளறிவிட்டோம். ஆட்டுச் சவ்வும் மாட்டுச் சவ்வும்தான் இருந்தன. வீட்டுக்குத் திரும்பும்போது தெருவில் எங்களுக்கு வழிவிட்டார்கள். மரியாதைக்கு இல்லை, வாடைக்கு. ஆம்பூரிலேயே வாடைக்காக வழிவிட்டார்கள் என்றால் எங்கள் கோலத்தைப் புரிந்துகொள்ளலாம்.

அம்மா கடையிலிருந்து வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"எங்க பூட்டு வர்றீங்க ரெண்டு பேரும்?"

"வஜ்ரக் குழிக்கு. சுறாவோட குட்டிங்கள தேடினு" என்றேன்.

"அங்க போயி தேடினா எப்டி கெடைக்கும்? நான் பொதச்சிட்டேனே" என்றாள் அம்மா.

நாங்கள் இருவரும் நின்ற இடத்தில் நின்றோம்.

"கூடைல பாத்தேன்டி. அஞ்சி குட்டி. ஒவ்வொண்ணுக்கும் தொப்புள்கொடி. பச்சப் புள்ளைங்க மாதிரி கொடியோட கெடந்துதுங்க. அதுங்களப் போயி வஜ்ரம் காய்ச்ச வுடுவனா? முருங்க மரத்தடில பொதச்சி ஒரு ஜெபம் பண்ணேன். இன்னாத்துக்கு ரெண்டு பேரும் அப்டி பாக்கறீங்க?"

நான் முருங்கை மரத்துக்கு ஓடினேன். மண்ணின் மேல் இரண்டு குச்சிகளை நூலால் கட்டி ஒரு சிலுவை நட்டிருந்தாள். கையால் தோண்டினேன். அம்மாவின் பழைய வெள்ளைப் புடவைத் துண்டில் சுற்றி, அதற்கு மேல் வாழையிலை வைத்து, எவ்வளவு பக்குவமாகப் புதைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தேன். பார்மலின் ஊறி விறைத்திருந்ததால் அழுகலின் தடமே இல்லை. ஒரு சாண் நீளத்துக்கு ஐந்து குட்டிகள். ஐந்தும் கொடி அறாமல் தாயின் கருப்பையோடு ஒட்டியிருந்தன. நைனா எந்த இடத்தில் கத்தியை ஓட்டினால் உள்ளே எதுவும் படாதோ அந்த இடத்தில் ஓட்டி, மொத்தத்தையும் ஒரே கொத்தாக வெளியே எடுத்திருக்கிறார். நான் அறுத்திருந்தால் ஒரு கொடியாவது அறுந்திருக்கும். நான் மண்ணில் உட்கார்ந்து சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். இந்தத் தடவை எனக்கும் பார்மலின்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"மீனுக்கும் தொப்புள்கொடி இருக்குமா?" என்று அம்மா கேட்டாள்.

"இந்த மீனுக்கு இருக்கும்மா. அதத்தான் நான் போயி சொல்லணும்."

"அப்ப சொல்லிட்டுக் கொண்டாந்து திரும்பப் பொதச்சிடு" என்றாள். ஜெபம் பண்ணியது வீணாகக் கூடாது என்பது அவள் கவலை. அந்தக் குட்டிகள் இன்றைக்கும் ஏதோ ஒரு கல்லூரி அலமாரியில் ஜாடிக்குள் இருக்கின்றன. அம்மா இருந்தவரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதைப் பற்றிக் கேட்டுவிடுவாள்.

மிச்ச விடுமுறை முழுவதும் நான் பேசிப் பழகினேன். கேட்க ஆள் வேண்டுமே, அம்மாதான் ஆள். முறத்தில் கேழ்வரகைப் பரப்பி, "இது சாளை போடற முட்டை" என்பேன். அதன் பக்கத்தில் ஐந்து புளியங்கொட்டைகளை வைத்து, "இது சுறா போடற குட்டி" என்பேன். கேழ்வரகில் ஒரு பிடி அள்ளினால் முறத்தில் குறைந்தது தெரியாது. புளியங்கொட்டையில் இரண்டை எடுத்தால் தெரியும். ஆகவே குட்டி போடுகிற மாதத்தில் கரையோரம் வருகிற தாய்ச்சுறாவை விட்டுவிட்டு, ஆழத்தில் இருக்கிற மற்றதைப் பிடித்தால் எண்ணெயும் கிடைக்கும், சுறாவும் மிஞ்சும். இதுதான் என் பேச்சு. அம்மா, கேழ்வரகு சிந்துகிறது என்று மட்டும் கருத்துச் சொன்னாள். நைனா சாப்பிட்டு முடித்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்.

அவருக்கு வேறு வேலை இருந்தது. சுறாத் தோல் அவரை ஆட்டிவைத்தது. சுண்ணாம்பில் எத்தனை நாள் கிடந்தாலும் அதன் மேலே இருக்கிற முள்முள்ளான சொரசொரப்பு போகவில்லை. சீவுகிற கத்தி மழுங்கிப்போனது. இன்னொரு கத்தி கொண்டுவந்தார், அதுவும் மழுங்கியது. அவர் ஆட்கள் வேலை முடிந்து போகும்போது எங்கள் வீட்டுப் பக்கம் வந்து, "இன்னா மேஸ்திரி, மீனு படிஞ்சதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நைனா குனிந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பார். கடைசியில் சொரசொரப்பு இருந்தால் இருக்கட்டும் என்று, அப்படியே ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப்போட்டார்.

பதமான பிறகு ஷாப்புக்கு எடுத்துப் போனார். முதலாளி சாயபு அதைக் கையில் வாங்கி, எல்லாத் தோலையும் தடவுகிற மாதிரி வாலிலிருந்து மேலே ஒரு தடவு தடவினார். உள்ளங்கையில் ரத்தம் வந்துவிட்டது.

"அரே மேஸ்திரி, இது தோலா, அரமா?"

"தலைல இருந்து வாலுக்குத் தடவுங்க பாய்" என்றாராம் நைனா. சாயபு தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. "பலே" என்று சொல்லி, அன்று முழுவதும் ஷாப்புக்கு வந்தவர்கள் கையில் எல்லாம் அதைக் கொடுத்து, முதலில் தப்பான பக்கமாகவே தடவச் சொல்லியிருக்கிறார். அந்தக் கதையைச் சொல்லும்போது நைனா விட்டுவிட்டுச் சிரித்தார். நான் போவதைப் பற்றி மட்டும் 'பாக்கலாம்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

சென்னை ஆபீசில் அதிகாரியின் மேஜைமேல் குட்டிகளைப் போட்ட ஜாடியையும் தோலையும் வைத்தேன். அவர் ஜாடியைப் பார்த்தார், தோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் முழுசா கொண்டுவரச் சொன்னேன்."

"ஆமாங்க. எங்க நைனா அறுத்துட்டாரு. தோல் ஷாப்புல மேஸ்திரி. கெட்டுப்போயிடும்னு உரிச்சிட்டாரு."

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று துணைக்கு வந்து எனக்குப் பின்னால் நின்ற டீச்சரம்மாவின் முகத்தில் எழுதியிருந்தது. அதிகாரி ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கொடியும் அறாததைப் பார்த்தார் என்று தெரிந்தது. பிறகு தோலை எடுத்தார். தலையிலிருந்து வாலுக்குத்தான் தடவினார். மீன் தெரிந்த மனிதர்.

"உங்கப்பா வேலைக்குக் கேக்கலியே. நீங்கதான கேக்கறீங்க" என்று சொல்லி, பியூனை அழைத்துக் கடற்கரையில் ஒரு சுறா வாங்கிவரச் சொன்னார்.

பியூன் வருகிற வரைக்கும் நான் என் கேழ்வரகையும் புளியங்கொட்டையையும் முறம் இல்லாமலே சொல்லி முடித்தேன். அவர் நடுவில் நாலைந்து கேள்வி கேட்டார். இரண்டுக்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றேன். பியூன் ஒரு சின்னச் சுறாவைத் தட்டில் கொண்டுவந்து வைத்தான். கத்தியை எடுத்துக்கொண்டு, அதன் வயிற்றுப் பக்கம் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன?"

"இது ஆண் சுறாங்க. குட்டி காட்ட முடியாது."

"இருக்கறதைக் காட்டுங்க" என்றார். சொல்லும்போது உதட்டோரம் ஒரு அசைவு தெரிந்தது. சிரிப்பு என்றுதான் வைத்துக்கொண்டேன்.

கிணற்றடியில் நைனா கத்தியைப் பிடித்திருந்த மாதிரி பிடித்துக்கொண்டேன். நடுவயிற்றில் ஒரே கோடாக ஓட்டினேன். உள்ளே எதுவும் படவில்லை. ஈரலையும் குடலையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பெயர் சொன்னேன். முடிந்ததும் அவர் கை கழுவத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், எனக்கு.

"ஒரு சீசன். அதுல உங்க பேச்சு சரியா தப்பான்னு கடல் சொல்லும். இந்தத் தோலை நான் வச்சுக்கலாமா?"

"எங்க நைனாவைக் கேட்டுத்தாங்க சொல்லணும்."

"கேளுங்க. இன்னும் அனுப்பினா பதப்படுத்துவாரான்னும் கேளுங்க" என்றார்.

மறுநாள் ஊருக்கு வந்து இறங்கியபோது, ஆம்பூர்க் காற்று எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வீட்டில் நைனா சாப்பிட உட்கார்ந்திருந்தார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னேன்.

"கெடச்சிடிச்சி நைனா. ஒரு சீசன்."

அம்மாவின் கை அப்படியே நின்றது. நைனா தலை நிமிரவில்லை. ஒரு கவளம் பிசைந்தார், ஆனால் வாயில் போடவில்லை. 'பாக்கலாம்' வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்தச் சீசன் வேண்டும். அவர் மனசில்லாமல் போகவும் என்னால் முடியாது. இரண்டும் எனக்கு அப்போதுதான் ஒரே சமயத்தில் தெரிந்தது.

"கரையோரம் சுறா ஜாஸ்தி வருமா?" என்று கேட்டார்.

"சீசன்ல வரும் நைனா."

"ஆழத்துல?"

"ஆழத்துலயும் கீது."

தலையை ஆட்டிக்கொண்டார். கவளத்தைச் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். கண் ஓரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "அந்த மருந்து நெடி இன்னும் போவல" என்றார். தகரம் வீட்டை விட்டுப் போய் எத்தனையோ நாளாகியிருந்தது.

"கரையோரம் வர்ற சினைங்கள வுட்டுடச் சொல்லு. புளியங்கொட்ட கணக்கு அது, எடுத்தா கொறையும்" என்றார் நைனா. "ஆழத்துல புடிக்கறாங்க பாரு, அதோட தோல எனுக்கு அனுப்பு. உப்பு போட்டு அனுப்பு. அந்த மருந்து வேணாம்."

அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பரண்மேல் இருக்கிற டிரங்குப் பெட்டியை இறக்கித் தரச் சொன்னாள்.